முப்பத்தெட்டுக் கம்பம்

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன் நான்.
மல்லாவி, துணுக்காய், பாண்டியன்குளம்,
திருவிழா, சாமத்தியவீடு, செத்தவீடு.
தேர்தலென்றால் எல்லாக் கட்சிக்கும் ஒரே விலை,
பாதி முற்பணம்.

அன்றைக்குச் சோளகம்.
பஞ்சுறை போட்டும் மைக்குக்குள்
காற்றுப் புகுந்து இரைந்தது.
சந்தி மின்கம்பத்தில் இரண்டு புனல் கட்டியிருந்தேன்.
அந்தக் கம்பத்தில் விளக்கில்லை.
விளக்குப் பூட்டுகிற வளைந்த இரும்பு மட்டும்
ஆரையோ கூப்பிடுகிற கைபோல நீட்டிக்கொண்டு.

பரஞ்சோதியர் பேசினார்.
ஓய்வுபெற்ற விதானையார்.
அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை.
சோடா ஒருவாய் குடித்து, வாயைத் துடைத்து,
"நேசகுலம் தம்பி
முப்பத்தெட்டுக் கம்பத்துக்கு லைற் போடுறாராம்.
முந்தின காலமெண்டால்
கம்பத்தில தம்பியை எல்லோ போட்டிருப்பாங்கள்!
ஒரு கம்பம் காணும்.
கறண்டும் மிச்சம்."

சிரிப்பை நான் காதால் கேட்பதில்லை.
அம்பிளிபயரில் ஊசி ஏறும்.
அன்றைக்குச் சிவப்பைத் தொட்டு
அங்கேயே துடித்துக்கொண்டு நின்றது.

கதிரை கொண்டுவந்த ரூபசிங்கமும் சிரித்தான்.
அவனுடைய அண்ணனை
எந்தச் சந்தியில் அவிழ்த்து எடுத்தோமென்று
அவனுக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும்.
பரஞ்சோதியருக்குத் தெரியும்,
பாயின் கால்மாட்டைப் பிடித்து வந்தவர் அவர்தான்.
கழுத்தில் தொங்கின மட்டையில்
துரோகி என்ற சொல்லில் ஒரு எழுத்துப் பிழை.
ஆரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை,
இத்தனை வருசமும்.

ரோட்டுக்கு அந்தப்பக்கம் தேத்தண்ணிக் கடையில்
நேசகுலமும் சிரித்தார்.
சிரிக்காமல் என்ன செய்கிறது,
எல்லாக் கண்ணும் அங்கேதானே திரும்பின.
பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு
மோட்டர்சைக்கிளை எடுத்தார்.
வீட்டுக்குப் போகிற பாதை இடதுபக்கம்.
வலதுபக்கம் திரும்பி, லைற் போடாமல்
குளக்கட்டால் போனார்.

மூன்றாம்நாள் அவருடைய கூட்டம்.
அதே சந்தி, அதே புனல், அதே கயிறு.
பதிலடி ஒன்று வருமென்று
சனம் அன்றையைவிடக் கூட.
கடலைக்காரி ஏழு மணிக்கே முடித்துவிட்டாள்.

நேசகுலத்தின் கையில் கொப்பித் தாள்.
வாசிகசாலைக் கூரை என்றார், கேட்டார்கள்.
சந்தைக்கு மலசலகூடம் என்றார், கேட்டார்கள்.
தாளைத் திருப்பி,
"எங்கட பிரிவில முப்பத்தெட்டுக் கம்பம்" என்றார்.

அவ்வளவுதான்.
ஊசி சிவப்புக்குப் பாய்ந்தது.
அவருடைய ஆட்களே வாயைப் பொத்திக்கொண்டு,
தோள்கள் குலுங்க.
ஒரு பெடியன் தன் கழுத்தைப் பிடித்து
நாக்கை வெளியே தள்ளிக் காட்டினான்.
எட்டு வயசிருக்கும்.
அவன் பிறக்க முதலே
அந்தக் கயிறெல்லாம் உக்கிப்போனது.

நேசகுலம் அடுத்த சொல்லைத் தேடினார்.
மைக்கில் காற்று மட்டும்.
"நன்றி" என்றார். இறங்கினார்.
மிச்சக்காசைச் சரியாக எண்ணித் தந்தார்.

இரவு பதினொன்றரை.
ஏணியில் ஏறி முடிச்சை அவிழ்க்கிறேன்.
ரோர்ச்சை வாயில் கடித்தபடி,
இடதுகையால் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி.
பகல்வெயில் இன்னும் விடவில்லை அதை,
ஆள்மேல் தொட்டமாதிரிச் சூடு.

ஒன்று சொல்லவேணும்.
அன்றைக்குப் பரஞ்சோதியர்
"முந்தின காலமெண்டால்" என்று இழுத்தபோது
என்ன வரப்போகிறதென்று எனக்கு விளங்கிவிட்டது.
எக்கோவைக் கூட்டினேன்.
ஆரும் கேட்கவில்லை.
கை தானாகப் போனது.

முடிச்சு இறுகிக் கிடக்கிறது.
கீழே ரூபசிங்கம் கதிரைகளை
ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்குகிறான்.
"அண்ணை, வெட்டிவிடுங்கோவன்" என்கிறான்.
நிமிர்ந்து பார்க்காமல்.